ஆலமரத்தில் ஒரு சாக்கு மூட்டை

ஓடைக்கரைப்பட்டியில் மாட்டுக்கு ஓர் ஆஸ்பத்திரி, மனுஷிக்கு ஓர் ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் துணை சுகாதார நிலையம். அதில் பிரான்சி, கிராம சுகாதார செவிலியர். அந்தப் பக்கம் கால்நடை கிளை நிலையம். அதில் ரெஜிஸ், கால்நடை ஆய்வாளர். ஊர் வாயில் அவன் மாட்டு டாக்டர். இருவரும் கணவன் மனைவி என்பதால் அரசாங்கம் பெரிய மனது பண்ணி ஒரே ஊரில் வேலை போட்டுக் கொடுத்திருந்தது. சுவரை மட்டும் இடித்துக் கொடுக்கவில்லை.

தினமும் காலையில் ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டிலிருந்து ஒரே பைக்கில் கிளம்புவார்கள். கொள்ளிடம் பாலம், டோல்கேட், மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை என்று முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். வழியெல்லாம் பேச்சு இருக்கும். வீட்டு ஓனர் மோட்டார் போடாதது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பாலக்கரை போய்விட்டு அப்படியே காந்தி மார்க்கெட்டில் காய் வாங்கலாமா என்பது, கேஸ் தீர்ந்தது. ஊர் வந்ததும் முதல் கேட்டில் அவளை இறக்கிவிட்டு அடுத்த கேட்டில் அவன் நுழைவான். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று இவளும், இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவனும் ஒரு நாளும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். அது வீட்டுச் சட்டம்.

சட்டம் வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். அந்த வருஷம் வீட்டில் நோய் குடியிருந்தது. முதலில் ரெஜிஸுக்கு ஒரு மாதம் விட்டு விட்டுக் காய்ச்சல். டைபாய்டு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அவன் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு பிரான்சிக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கிய கரு. ஒரு மத்தியானம் அது கலைந்து போனது. உடம்பு சூடு தாங்கவில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடும் என்றார்கள். மற்றவர்களுக்கு அதே வார்த்தையைச் சொல்லித் தேற்றியிருந்தவள் அவள். தனக்குச் சொன்னபோது அந்த வார்த்தைக்குள் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், சோற்றைப் பிசைந்துகொண்டே ரெஜிஸ் யோசிக்காமல் சொல்லிவிட்டான், இன்றைக்கு ஒரு கன்று வயிற்றுக்குள்ளேயே செத்துப் போய்விட்டது, நாலு பேர் சேர்ந்து இழுத்தோம் என்று. பிரான்சி தட்டை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். அவன் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்தான். அவள் வெளியே வந்தபோது அவன் கண்ணும் சிவந்திருந்தது. இனிமேல் வீட்டில் ஆபீஸ் பேச்சே வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். அவளும் தலையாட்டினாள். பாசத்தில் போட்ட சட்டம். அதனால்தான் அரசாங்கச் சட்டத்தை மீறுவது போல அதை யாரும் மீறவில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் இருப்பது ஒரே அறை. பத்துத் தாய்மார்கள் வந்தால் பதினோராவது ஆள் பிரான்சியின் மடியில்தான் உட்கார வேண்டும். அதனால் மேஜை, நாற்காலி, மருந்துப் பெட்டி எல்லாம் வாசலில் நிற்கும் ஆலமரத்தடிக்கு வந்துவிடும். குழந்தைகளை எடை பார்க்கும் தொங்கு தராசை மாட்டுவதற்கு அதன் தாழ்ந்த கிளை வாகாக இருந்தது. பச்சைத் துணித் தொட்டிலில் குழந்தையைப் போட்டுத் தராசில் மாட்டினால் வீல் என்று கத்தும். தாய்மார்கள் சிரிப்பார்கள். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று புதிதாக வந்த யாராவது கேட்பார்கள். நீங்களெல்லாம் என் பிள்ளைகள்தானே என்று பிரான்சியும் சிரித்தபடி அடுத்த பெயரைக் கூப்பிடுவாள்.

அந்த மரத்தில் அவளுடைய தராசு மட்டும் தொங்கவில்லை. மாடு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி, பால் வடிகிற மரத்தில் தொங்கவிட்டால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. ஓடைக்கரைப்பட்டியின் பால் வடிகிற மரம் இந்த ஆலமரம்தான். காய்ந்து கறுத்த மூட்டைகள் பத்துப் பதினைந்து எப்போதும் தொங்கும். வந்த புதிதில் பிரான்சி மூக்கைப் பொத்தினாள். அகற்றச் சொல்லி ஊராரிடம் பேசிப் பார்த்தாள். மரம் எங்கள் மரம், நீங்கள்தான் அப்புறம் வந்தீர்கள் என்று பதில் வந்தது. எட்டு வருஷம் தினமும் பார்த்ததில் அந்த மூட்டைகள் அவள் கண்ணில் படுவதே நின்று போயிற்று.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, தராசு மாட்டுகிற கிளைக்கு நேர் மேலே ஒரு புது மூட்டை தொங்கியது. ஈரம் காயவில்லை. ஈ மொய்த்தது. பிரான்சி முகத்தைச் சுளித்துக்கொண்டு தராசை ஒரு முழம் தள்ளி மாட்டினாள். அவ்வளவுதான் செய்தாள்.

அன்றைக்குக் கலைமதி வந்திருந்தாள். மேலத்தெரு வீரமலையின் மருமகள், கல்யாணமாகி மூன்று வருஷம், நாலாம் மாதம். புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இருபது நாள் வெளியூர். மாமியார் இல்லாத வீடு. மாமனாருக்குச் சமைத்து, மாட்டைப் பார்த்து, தனக்கு மாதம் தள்ளிப்போன விஷயத்தை மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் பிரான்சியிடம்தான் முதலில் சொன்னாள். அந்த நம்பிக்கைக்காகவே பிரான்சிக்கு அவளிடம் ஒரு தனிப் பிரியம்.

மேலே மூட்டையைக் காட்டி, இது யார் வீட்டு மாடு என்று பிரான்சி பேச்சுக்குக் கேட்டாள். எங்கள் வீட்டு மாடுதான் என்றாள் கலைமதி. என்ன கன்று, காளையா கிடாரியா என்று இவள் கேட்க, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தங்கலக்கா. ஏழு மாசத்துலயே விழுந்துருச்சு. கொடியும் முழுசா விழல. மாமா வயலுக்குப் போயிருந்தாரு, நான்தான் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து எடுத்தேன்."

பிரான்சி பிரஷர் கருவியை அருகில் இழுத்தாள். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்: வெறும் கையாலா எடுத்தாய் என்று. அந்த வார்த்தையைக் கேட்க வேண்டியவள் அவள்தான். ஆனால் தங்காமல் போன எதைப் பற்றியும் அவளால் அதற்கு மேல் ஒரு வரி கேட்க முடிந்ததில்லை. கையை நீட்டு, பிரஷர் பார்க்க வேண்டும் என்று பேச்சை மாற்றினாள். நீட்டிய கையில் வைக்கோல் அறுத்த சின்னச் சின்னக் கீறல்கள் இருந்தன. அதையும் பார்த்தாள். கர்ப்பிணிப் பதிவேட்டில் பிரஷர், எடை, ஊசி எல்லாவற்றையும் எழுதி, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினாள்.

பிரான்சி எழுதுகிற பதிவேடுகள் ஊரில் பிரசித்தம். ஒரு கட்டம் காலியாக இருக்காது. பிரசவமா, ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, கலைந்துபோனால் காரணம் என்ன என்று கடைசிக் கட்டம் வரை நிரப்பிவிட்டுத்தான் மூடுவாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டில் மட்டும் ஒரே ஒரு வரியில் கடைசி இரண்டு கட்டங்கள் காலி. சோதனைக்கு வந்தவர்கள் கேட்டபோது பிறகு நிரப்புகிறேன் என்று சொல்லிச் சமாளித்திருந்தாள்.

ஆவணி பிறந்ததும் கலைமதிக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் இருக்காது, நாலு மணிக்கு மேல் ஏறும், வேர்த்துக் கொட்டி இறங்கும். இடுப்பும் முட்டியும் வலிக்கிறது என்றாள். பிரான்சி அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. டைபாய்டாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் விட்டது, மறுபடி வந்தது. மறுபடி கூட்டிப் போனாள். வேறு மாத்திரை. யாரையும் குறை சொல்ல முடியாது. அவரவர் அவரவர் வேலையைச் செய்தார்கள். வீட்டில் மாடு இருக்கிறதா, அது எப்படி இருக்கிறது என்று கேட்பது யாருடைய வேலையிலும் சேரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலும் எல்லோரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். கன்று விழுந்த அன்றே ரெஜிஸ் வீரமலை வீட்டுக்குப் போய் மாட்டின் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தான். கன்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொன்னான். பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்றான். கொடி எங்கே என்று கேட்டதற்கு, அதெல்லாம் ஆகிவிட்டது என்றார் வீரமலை. யார் கையால் ஆயிற்று என்று அவனும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் கன்று வீச்சு நோய் என்று முடிவு வந்தது. மாட்டைத் தனியாகக் கட்டச் சொன்னான், மேலிடத்துக்கு எழுதினான். இது மனிதர்களுக்கும் தொற்றும் நோய், ஆகவே சுகாதாரத் துறையின் கவனத்துக்கு அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் வைக்கவும் என்று பதில் வந்தது. கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்த முறை இரண்டு தடவை தள்ளிப்போனது.

கூட்டத்தில் கொடுக்க வேண்டிய தாளை நகல் எடுப்பதற்காக அவன் ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தான். பழுப்பு நிறக் கவர். டிவி அலமாரியில் அன்று முழுக்கக் கிடந்தது. பிரான்சி அதன் மேல்தான் தன் சாப்பாட்டுப் பையை வைத்து எடுத்தாள்.

புரட்டாசி முதல் வாரம் ஒரு காலை, வீரமலையிடமிருந்து போன் வந்தது. பிரான்சி ஓடினாள். நூற்றெட்டு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஐந்தரை மாதம். ஆண். ஒரு டவலுக்குள் அடங்கிவிட்டது. கலைமதி அழவில்லை, குளிர்கிறது, போர்த்திவிடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பிரான்சி பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ராஜகோபுரத்துக்கு எதிரே இறங்கி வீடு வரை நடந்தாள். என்ன சாமான் வாங்க நினைத்தாள் என்பது மறந்து போய், கடை வாசலில் சும்மா நின்றுவிட்டு நடந்தாள்.

ரெஜிஸ் தோசை ஊற்றி வைத்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்ததும் ஆறு வருஷத்துச் சட்டம் உடைந்தது.

"எனக்குச் சொல்லியே ஆகணுங்க. இன்னிக்கு ஒரு பொண்ணுக்குப் போயிருச்சு. அஞ்சரை மாசம். ஒரு மாசமா காய்ச்சல், என்னன்னே கண்டுபிடிக்க முடியல. மேலத்தெரு, வீரமலை மருமக."

தோசைக் கரண்டி அவன் கையிலேயே நின்றது. அடுப்பை அணைத்தான். எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அவ மாசமா இருந்தாளா?"

அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அவன் எழுந்து போய்ப் பையிலிருந்து பழுப்புக் கவரை எடுத்து வந்து பிரித்து வைத்தான். உரிமையாளர் பெயர் வீரமலை. மாட்டின் காதில் மாட்டிய வில்லையின் எண். கீழே முடிவு. பிரான்சி தேதியைப் பார்த்தாள். கையில் விரல் மடக்கி எண்ணினாள். கலைமதிக்குக் காய்ச்சல் கண்டு முதல் வாரம் முடிவதற்குள் இந்தத் தாள் வந்திருக்கிறது. அதற்கப்புறம் நாலு வாரம். அந்த நாலு வாரமும் இருவரும் ஒரே பைக்கில் போய், ஒரே பைக்கில் வந்து, ஒரே தட்டிலிருந்து அப்பளம் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏழு மாசக் கன்னு, பிரான்சி. கண்ணு, குளம்பு எல்லாம் முழுசா உருவாயிருந்துச்சு. அதை உன்கிட்ட வந்து எப்படிச் சொல்லுவேன்?"

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. அந்தப் பெண் தன் வாயால், மரத்தடியில், நான்தான் இழுத்து எடுத்தேன் என்று சொன்னாளே. மூட்டை தலைக்கு மேல் தொங்கியதே. ஈ மொய்த்ததே. தராசைத் தள்ளி மாட்டினேனே தவிர, வேறென்ன செய்தேன் என்று வாய்விட்டே சொல்லி அழுதாள். அவன் தட்டுகளை எடுத்து வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை இருவரும் ஓடைக்கரைப்பட்டிக்குப் போகவில்லை. காவிரிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கலைமதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வஹீதா என்ற மருத்துவர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். மாட்டின் ரத்தப் பரிசோதனைத் தாளோடு ஒருவர் வார்டுக்குள் வந்து நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. முதலில் ஒன்றும் விளங்காமல் வாங்கினார். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கலைமதியின் ரத்தத்தை அன்றே அந்தச் சோதனைக்கு அனுப்பினார். சந்தேகம் உறுதியானது. மருந்து தொடங்கியது, ஆறு வாரத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும், காய்ச்சல் நின்றுவிடும், பயமில்லை என்றார். இந்த நோய்க்கு நல்ல மாத்திரை ஒன்று உண்டாம். கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாதாம். இப்போது தாராளமாகக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, அந்தத் தாராளம் என்ற வார்த்தைக்காக வஹீதாவே தலையைக் குனிந்துகொண்டார்.

முன்னாடியே தெரிந்திருந்தால் என்று பிரான்சி ஆரம்பித்தாள். கர்ப்பிணிக்குக் கொடுக்கக்கூடிய மருந்தும் இருக்கிறது, நாலு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் முயற்சி செய்திருக்கலாம், தங்கியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் வஹீதா. நேர்மையான பதில்தான். ரெஜிஸ் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டான்.

கலைமதிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டியது பிரான்சியின் பொறுப்பாயிற்று. மாட்டிலிருந்து வந்தது, கொடியைத் தொட்டதால் வந்தது, உன் தப்பு இல்லை என்று எளிதாகச் சொன்னாள். கலைமதி கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, சார் அன்றைக்கு மாட்டுக்கு ரத்தம் எடுக்க வந்தாரே என்றாள்.

"நான்தான் டீ போட்டுக் குடுத்தேன். மாட்டுக்கு மறுபடி சினை நிக்குமா சார்னு கேட்டேன். நிக்கும்மா, கவலைப்படாதன்னு சொன்னாரு. எனக்கும் நாலு மாசம்னு சொல்லணும்போல இருந்துச்சுக்கா. வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

பிரான்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கீறல்கள் ஆறிப் போயிருந்தன.

இனி மற்றவர்களையும் பார்த்துவிடலாம் என்றார் வஹீதா. அந்த மாட்டைத் தொட்டவர்கள், மாட்டு வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். வீரமலைக்கு எடுத்தார்கள். ரெஜிஸுக்கு எடுத்தார்கள். ரத்தம் எடுத்த நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தபடி பிரான்சியைப் பார்த்து, ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், நீங்களும் கொடுத்துவிடுங்கள் என்றார். அவளும் புடவை முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள்.

நாலு நாள் கழித்து முடிவு வந்தது. வீரமலைக்கு ஒன்றுமில்லை. ரெஜிஸின் ரத்தத்தில் நோயின் அடையாளம் இருந்தது. பழையது, இப்போது வந்ததில்லை. பிரான்சியின் ரத்தத்திலும் இருந்தது. கொஞ்சம்தான், அதுவும் பழையது. மாட்டு வேலை செய்பவருக்கு இருப்பது சகஜம், உங்களுக்கு எப்படி என்று வஹீதா அவளைக் கேட்டார். நீண்ட நாள் விட்டு விட்டு வந்த காய்ச்சல் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

பிரான்சி ஆறு வருஷத்துக்கு முந்தைய காய்ச்சலைச் சொல்லத் தொடங்கினாள். அந்த வருஷம் அவனுக்கு முதலில் காய்ச்சல். மாடு ஈனுகிற பருவம். காய்ச்சல் விட்ட நாளெல்லாம் வேலைக்குப் போய், ரத்தமும் பனிக்குட நீருமான சட்டையோடு வருவான். காய்ச்சலில் கிடந்தவனுக்குத் துவைக்கத் தெம்பில்லை. மூலையில் குவிந்து கிடந்த சட்டைகளை அவள்தான் கல்லில் போட்டுத் துவைத்தாள். வேலைக்காரி வேண்டாம், அவர் சட்டையை நானே துவைக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, பெருவிரலில் அரிவாள்மணை வெட்டிய காயத்தோடு, நாலரை மாத வயிற்றோடு.

அவள் சொல்லச் சொல்ல ரெஜிஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் கழித்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, அது காரணமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார் வஹீதா. அவர் குரல் உடைந்திருந்தது. இருவரும் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்கள்.

பைக்கில் திரும்பினார்கள். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் ரெஜிஸ் வண்டியை ஓரம் கட்டினான். ஓட்ட முடியவில்லை என்றான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு பஸ்களைப் பார்த்தபடி இருந்தாள். நீங்கள் கொண்டு வரவில்லை, யாரும் வேண்டுமென்று கொண்டு வரவில்லை என்று சொல்ல நினைத்தாள். ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை அது. சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமைக்கு முதல் நாள், ரெஜிஸ் முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு ஏணி வைத்து ஆலமரத்து மூட்டைகளை இறக்கினான். ஊர் கூடி முணுமுணுத்தது. பால் வற்றிவிடும் என்றார்கள். வீரமலை முன்னே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். தராசுக்கு நேர் மேலே இருந்த மூட்டையை அவிழ்க்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாவற்றையும் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரெஜிஸ் வாசல் குழாயிலேயே தன் சட்டையைத் தனி வாளியில் நனைத்துத் துவைத்துப் போட்டான். சாப்பாடு முடிந்தது. அவன் தன் நோட்டைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தான். பிரான்சி தன் கர்ப்பிணிப் பதிவேட்டை எதிரில் வைத்தாள். யாரும் உத்தரவு போடவில்லை. எந்தக் கூட்டத்திலும் முடிவாகவில்லை. கன்று வீசிய மாடு, காய்ச்சல் கண்ட மாடு, நாயிடம் கடிபட்ட மாடு என்று தெருவாரியாக அவன் படித்தான். அந்தத் தெருவில் யார் கர்ப்பிணி, யாருக்குக் காய்ச்சல் என்று அவள் தேடிச் சொன்னாள். கீழத்தெருவில் ஒரு பெயர் பொருந்தியது. காலையில் முதல் வேலையாக அங்கே போவது என்று பேசிக்கொண்டார்கள். மேலத்தெரு வந்தபோது கலைமதியின் வரிக்கு எதிரே கடைசிக் கட்டங்களை அவள் ஏற்கெனவே நிரப்பியிருந்தாள். காரணம் என்ற கட்டத்தில் நோயின் பெயர் இருந்தது.

அவ்வளவுதானே என்று ரெஜிஸ் நோட்டை மூடப் போனான்.

பிரான்சி எழுந்து உள்ளே போய், பைக்குள்ளிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து வந்தாள். அட்டை நைந்து போயிருந்தது. ஆபீஸ் அலமாரியிலிருந்து அன்றைக்குத்தான் கொண்டு வந்திருந்தாள். பக்கத்தைப் புரட்டி அவன் முன்னால் வைத்தாள். வரிசை எண் நாற்பத்தொன்று. பிரான்சி, கணவர் பெயர் ரெஜிஸ். அவளுடைய கையெழுத்துதான், தன் பெயரைத் தானே பதிந்துகொண்ட சந்தோஷத்தில் எழுத்துகள் கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருந்தன. முதல் மாதம் எடை, இரண்டாம் மாதம் எடை, ஊசி போட்ட தேதி. கடைசி இரண்டு கட்டங்கள் காலி. முடிவு. காரணம்.

"நீங்க எழுதுங்க. என்னால முடியல."

அவன் பேனாவை எடுத்தான். முடிவு என்ற கட்டத்தில் அந்தத் தேதியையும், ஐந்து மாதம் என்றும் எழுதினான். காரணம் என்ற கட்டத்தில் தெரியவில்லை என்று எழுதினான்.

பிரான்சி அதைப் படித்தாள். பேனாவை வாங்கி, அந்த ஒரு வார்த்தையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் எழுதினாள்: யாரும் கேட்கவில்லை. பிறகு பதிவேட்டை மூடி, காலையில் மறக்காமல் எடுத்துப் போவதற்காகச் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.